‘லேட்’ என்ற சொல்லை எங்கே வைக்கிறோம்?

போன மாதம், என்னிடம் மாலையில் ஆங்கிலம் படிக்க வரும் ஒரு பெண் அலுவலகத்தில் கொடுப்பதற்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். விஷயம் ரொம்பச் சாதாரணம். ஊரிலிருந்து அப்பா வருகிறார், ரயில் மூன்று மணி நேரம் தாமதம், எழும்பூரில் காத்திருந்து அவரை அழைத்து வர வேண்டியிருந்ததால் காலையில் வேலைக்கு வர முடியவில்லை. கடிதத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: “ஐ வென்ட் டு த ஸ்டேஷன் டு ரிசீவ் மை லேட் ஃபாதர்.”

தாமதமாக வந்த அப்பா என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். தமிழில் அப்படித்தானே சொல்வோம், வந்த அப்பா, தாமதமாக வந்த அப்பா என்று அடையை முன்னால் போட்டு? அதே மாதிரி ஆங்கிலத்திலும் போட்டுவிட்டார். ஆனால் ஆங்கிலத்தில் அந்த வரியைப் படிக்கிறவருக்குக் கிடைக்கும் பொருள், ‘காலஞ்சென்ற என் அப்பாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன்’ என்பது. நான் மெதுவாக எடுத்துச் சொன்னதும் அவருடைய முகம் அப்படியே வாடிவிட்டது. பேனாவை வாங்கி அந்த ஒரு சொல்லின் மேல் நாலைந்து தடவை அழுத்தி அடித்தார், அடியில் இருந்த தாளிலும் தடம் விழுகிற அளவுக்கு.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ‘லேட் ஆயிடுச்சு’, ‘லேட்டா வராதே’, ‘லேட் பண்ணிட்டாங்க’ என்று காலையிலிருந்து ராத்திரி வரை நாம் புழங்கும் சொல் இது. தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டிப் பார்ப்போம், இதுதான் நம் வீட்டுச் சொல் மாதிரி ஆகிவிட்டதே, யார் புரட்டப் போகிறார்கள்? ஆனால் நாம் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லின் ஒரு கிளையைத்தான். ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் மூன்று நான்கு கிளைகள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

அந்த வேரைப் பிடித்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘மெதுவான’, ‘மந்தமான’ என்றுதான் பொருள். மெதுவாக வருபவர் பின்தங்குவார், பின்தங்கியவர் நேரம் கடந்துதான் வந்து சேருவார். இப்படித்தான் ‘நேரம் கடந்த’ என்ற பொருள் வந்தது. அதிலிருந்து, ஒரு காலப்பகுதியை எடுத்துக்கொண்டால் அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் என்ற பொருள் வந்தது. தமிழில் ‘தாமதம்’ என்று ஒரே சொல்லாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளாமல், ‘பின்’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல், பின்னிரவு, பிற்காலச் சோழர் என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பின். வரலாற்றுப் புத்தகங்களில் பிற்காலச் சோழர்களை ஆங்கிலத்தில் ‘லேட்டர் சோழாஸ்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் எதற்கும் தாமதமாக வந்தவர்கள் இல்லை, காலவரிசையில் பின்னால் இருப்பவர்கள், அவ்வளவுதான்.

இப்போது செய்தித்தாளில் ‘எ மேன் இன் ஹிஸ் லேட் ட்வென்டீஸ்’ என்று வந்தால் குழப்பம் வராது. இருபதுகளின் பின்பகுதியில் இருப்பவர், அதாவது 27, 28, 29 வயதுக்காரர். ‘லேட் நைன்டீஸ்’ என்றால் 1990களின் கடைசி வருடங்கள், ஏறக்குறைய 1997லிருந்து 1999 வரை. ‘லேட் ஆஃப்டர்நூன்’ என்றால் நாலு மணி வாக்கில், வெயில் தாழ்கிற நேரம். ‘வீ ஹேட் எ லேட் லஞ்ச்’ என்று ஒருவர் சொன்னால் சமையல் தாமதமானது என்று குறைபட்டுக்கொள்கிறார் என எடுத்துக்கொள்ளக் கூடாது, மூன்று மணிக்குச் சாப்பிட்டோம் என்கிறார், வேண்டுமென்றேகூட அப்படிச் சாப்பிட்டிருக்கலாம். உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கும் ‘லேட் பிளைட்’ என்ற நோய் இருக்கிறது, 1845இல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது அதுதான். பருவத்தின் பின்பகுதியில் வருவதால் அந்தப் பெயர். முன்பருவத்தில் வருகிற வேறொரு கருகல் நோயை ‘எர்லி பிளைட்’ என்கிறார்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது இன்னும் சுலபம். தமிழில் லேட் என்றாலே ஒரு குற்றச்சாட்டு, கேட்டவுடன் காரணம் சொல்லத் தயாராகிவிடுவோம். ஆனால் வர்ணனையாளர் ஒரு மட்டையாளரைப் பற்றி ‘ஹீ ப்ளேஸ் த பால் லேட்’ என்று சொன்னால் அது பெரிய பாராட்டு. பந்தை அவசரப்பட்டு முன்னால் போய்த் தேடாமல், அது தன் கண்ணுக்குக் கீழே வரும்வரை பொறுத்திருந்து, கடைசி நொடியில் மட்டையைக் கொண்டுவருகிறார் என்று அர்த்தம். ‘லேட் கட்’ என்ற அடியும் அதே கணக்குத்தான். பந்து உடலைக் கிட்டத்தட்டத் தாண்டிப் போகிற சமயத்தில் லேசாகத் தட்டி, ஸ்லிப்பில் நிற்பவருக்குப் பக்கமாக ‘தேர்ட் மேன்’ பக்கத்து எல்லைக்கு அனுப்புவது. பந்துவீச்சில் ‘லேட் ஸ்விங்’ என்றால் கடைசி சில அடிகளில் வளைவது, மட்டையாளருக்கு யோசிக்க நேரமே கிடைக்காது என்பதால் அதுதான் ஆபத்தான ஸ்விங். இந்த மூன்றிலும் லேட் என்பது திறமையின் பெயர். வகுப்பில் பையன்களுக்கு இதைச் சொல்லும்போது ‘பின்பக்கம்’ என்ற கருத்து சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

சரி, மறைந்தவர் என்ற பொருள் எப்படி வந்தது?

‘லேட்’ என்பதற்கு ‘சமீப காலத்து’ என்றும் ஒரு பொருள் இருந்தது. நாம் நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் கடந்துபோன காலத்தின் கடைசிப் பகுதி நமக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் பின்பகுதி என்பதே சமீபம் என்றானது. சமீபம் வரை இருந்தவர், இப்போது இல்லாதவர் என்ற பொருளில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இறந்தவரின் பெயருக்கு முன்னால் அது ஒட்டிக்கொண்டது. நம் மொழியும் இங்கே ஏறக்குறைய அதே வழியில் போயிருப்பதைப் பாருங்கள். ‘காலஞ்சென்ற’ என்கிறோம், ‘காலமானார்’ என்கிறோம். சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் காலத்தை வைத்தே சொல்லிவிடுகிறோம். இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களில் ‘காலஞ்சென்றவர்களான’ என்று தொடங்கி இறந்தவரின் பெற்றோர் பெயரைப் போடுவது இன்றைக்கும் வழக்கம். இரண்டு மொழியிலும் காலத்தைக் குறிக்கும் ஒரு சொல்தான் அந்த மரியாதையைச் சுமக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்படியானால் ‘தாமதம்’ எது, ‘மறைந்த’ எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இடத்தை வைத்துத்தான். ஒரு மனிதரின் பெயருக்கோ, ஃபாதர், ஹஸ்பண்ட், பிரசிடென்ட் போன்ற உறவு அல்லது பதவிச் சொல்லுக்கோ நேர் முன்னால் லேட் வந்தால் அது ‘மறைந்த’. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற வினைக்குப் பின்னால் வந்தால் அது ‘தாமதம்’. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் மறைந்த அப்பா, ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பெண் எழுத வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ‘மை ஃபாதர்ஸ் ட்ரெய்ன் வாஸ் த்ரீ அவர்ஸ் லேட்.’ தாமதமானது ரயில், அதனால் லேட்டை ரயிலோடு சேர்த்துவிட்டால் அப்பா பத்திரமாக இருப்பார்.

இதற்கு மாறான வழக்கும் உலகத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாக போட்ஸ்வானாவில், ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றாலே அப்பா இறந்துவிட்டார் என்றுதான் பொருள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் துக்கம் சொல்கிறவரிடம் ‘பரவாயில்லை, காத்திருப்போம்’ என்று பதில் சொல்லிவிடுவோம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. விண்ணப்பப் படிவத்தில் தகப்பனார் பெயர் எழுதும் இடத்தில் ‘லேட்’ என்று போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் வைக்கிறார்கள், திரு. என்று சுருக்கி எழுதுவது போல. அது எதன் சுருக்கமும் இல்லை, முழுச் சொல், புள்ளி தேவையில்லை. அப்புறம், வாக்கியத்துக்குள் எழுதும்போது பெயருக்கு முன்னால் வெறும் ‘லேட்’ என்று போடாமல் ‘த லேட்’ என்று எழுத வேண்டும். ‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ போன்ற சொல் முன்னால் இருந்தால் ‘த’ வேண்டாம், அதன் வேலையை அவையே செய்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயருக்கு முன்னால் தமிழ் எழுத்திலேயே ‘லேட்’ என்று அச்சடிக்கிறார்களே, அது இலக்கணப் பிழை என்று சொல்ல மாட்டேன், தமிழில் நாம் உண்டாக்கிக்கொண்ட வழக்கம் அது. ஆனாலும் ‘தெய்வத்திரு’ என்று போட்டிருக்கும் பத்திரிகையைக் கையில் வாங்கும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது, அந்தச் சொல்லில் ஒரு நெருக்கம் இருக்கிறது.

இன்னொரு குழப்பம், ‘ஃபார்மர்’ எது, ‘லேட்’ எது என்பது. பதவி போய்விட்டது, ஆள் இருக்கிறார் என்றால் ‘ஃபார்மர்’. ஆளே இல்லை என்றால் ‘லேட்’. அப்துல் கலாமின் பதவிக்காலம் 2007இல் முடிந்தது, அதிலிருந்து அவரை ‘ஃபார்மர் பிரசிடென்ட்’ என்று எழுதினார்கள். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் அவர் மறைந்த பிறகு ‘த லேட்’ சேர்ந்தது. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார், அவருக்கு ‘ஃபார்மர்’ என்ற கட்டமே வரவில்லை. ஓய்வுபெற்று வீட்டில் நலமாக இருக்கும் ஒரு தலைமையாசிரியரை ‘த லேட் ஹெட்மாஸ்டர்’ என்று ஆண்டுவிழா அழைப்பிதழில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை வருடம் வரை ‘த லேட்’ போடலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கணக்கு வைத்து ஒரு விதி கிடையாது. நம் நினைவுக்குள் வாழ்ந்து மறைந்தவர் என்றால் போடலாம், வரலாற்றுக்குள் போய்விட்டவர் என்றால் வேண்டாம். 1921இல் மறைந்த பாரதியாரை இன்று ‘த லேட் பாரதியார்’ என்று எழுதினால் இடறும், திருவள்ளுவருக்குப் போட்டால் விநோதமாகவே இருக்கும். ஆனால் என் தாத்தா நாற்பது வருடத்துக்கு முன்னால் போயிருந்தாலும் எனக்கு அவர் ‘மை லேட் கிராண்ட்ஃபாதர்’தான், குடும்பத்துக்குள் அந்தக் கணக்கு வேறு.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டில் அச்சான நூல்களின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘லேட் ஆஃப் த மெட்ராஸ் சிவில் சர்வீஸ்’ என்று இருப்பதைப் பார்க்கலாம். இறந்தவரின் புத்தகத்தை யாரோ எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலையில் முன்பு இருந்தவர், இப்போது இல்லை, அவ்வளவே. பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்றுச் சீமைக்குத் திரும்பி, உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுதியிருப்பார்.

இனி தாமதப் பொருளுக்கே வருவோம், அதிலும் சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் சறுக்கல் ‘லேட்லி’. குயிக் என்றால் குயிக்லி, ஸ்லோ என்றால் ஸ்லோலி, ஆகவே லேட் என்றால் லேட்லி என்று நினைத்து ‘ஹீ கேம் லேட்லி’ என்று எழுதிவிடுகிறார்கள். லேட்லி என்றால் ‘சமீப காலமாக’. ‘ஐ ஹேவன்ட் சீன் ஹிம் லேட்லி’ என்றால் கொஞ்ச நாளாக அவரைப் பார்க்கவில்லை. தாமதமாக வந்தார் என்பதற்கு ‘ஹீ கேம் லேட்’ போதும், லேட் என்ற சொல் அடையாகவும் நிற்கும், வினையோடும் அப்படியே சேரும், வால் எதுவும் ஒட்ட வேண்டாம்.

அடுத்தது தூக்கம். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தால் ‘லேட்டா தூங்கினேன்’ என்கிறோம், அதை அப்படியே ‘ஐ ஸ்லெப்ட் லேட்’ என்று மாற்றிவிடுகிறோம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் அதைக் கேட்டால் காலையில் வெகுநேரம் வரை தூங்கினேன், ஒன்பது மணிக்கு எழுந்தேன் என்றுதான் புரிந்துகொள்வார். பொருள் நேர்மாறாகப் போய்விடுகிறது. வெளிநாட்டில் ஒரு மருத்துவரிடம் தூக்கப் பிரச்சினையைச் சொல்லப் போய் ‘ஐ ஸ்லீப் லேட் எவ்ரி டே’ என்றால், நன்றாகத் தூங்குகிறீர்களே என்று அவர் நினைப்பார். ‘ஐ கோ டு பெட் லேட்’ என்று சொல்லுங்கள், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எவ்வளவு தாமதம் என்று சொல்ல, ‘டென் மினிட்ஸ் லேட்’ என்று அளவை முன்னால் வைக்கலாம், ரயில்வே அறிவிப்பில் வருவது போல ‘லேட் பை டூ அவர்ஸ்’ என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. எதற்குத் தாமதம் என்றால் ‘லேட் ஃபார் த மீட்டிங்’. வாடகை கட்டத் தாமதம் என்றால் ‘லேட் வித் த ரென்ட்’.

அலுவலகத்தில் பயன்படும் ஒரு நுணுக்கம், ‘லேட்’ என்பதற்கும் ‘டிலேய்ட்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘ஐ வாஸ் லேட்’ என்றால் நேரம் தவறினேன் என்பது மட்டும் தெரிகிறது, காரணம் நானாகவும் இருக்கலாம். ‘ஐ வாஸ் டிலேய்ட்’ என்றால் வேறு ஏதோ ஒன்று என்னைத் தடுத்துவிட்டது, மழை, போக்குவரத்து நெரிசல், ரயில் என்று. உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் இரண்டாவதைத் தயங்காமல் எழுதுங்கள், அது சாக்கு இல்லை, சரியான சொல். பிறந்தநாள் வாழ்த்து நாள் கடந்து அனுப்பினால் அதற்கு ‘பிலேட்டட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. வாழ்த்துக்கும் பரிசுக்கும் அது பொருந்தும், வேலைக்குப் பிந்தி வருபவருக்கு அதைச் சொல்வதில்லை.

‘லேட்டஸ்ட்’ என்பதையும் பார்த்துவிடலாம். பிந்தியது என்ற சொல் எப்படி ‘புத்தம் புதியது’ ஆனது என்று கேட்பார்கள். வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதானே இருப்பதிலேயே புதியது? கடையில் லேட்டஸ்ட் மாடல் என்று கேட்பது அதைத்தான். இதோடு ‘லாஸ்ட்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓர் இயக்குநரின் ‘லேட்டஸ்ட் ஃபில்ம்’ என்றால் இதுவரை வந்தவற்றில் புதியது, இன்னும் எடுப்பார். ‘லாஸ்ட் ஃபில்ம்’ என்று எழுதினால் அதோடு முடிந்தது என்ற அர்த்தம் வந்துவிடலாம், நன்றாக இருக்கும் மனிதரைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. ‘அட் த லேட்டஸ்ட்’ என்றால் ‘போனால் போகிறது, அதற்கு மேல் முடியாது’ என்ற கெடு. ‘பை ஃப்ரைடே அட் த லேட்டஸ்ட்’ என்று மேலாளர் எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை தாண்டக் கூடாது.

ஒரு சின்ன ஆச்சரியம், அந்த ‘லாஸ்ட்’ என்ற சொல்லே லேட்டிலிருந்து பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் ‘எல்லாவற்றிலும் மெதுவான’ என்று சொல்ல இருந்த வடிவம் தேய்ந்து தேய்ந்து லாஸ்ட் ஆகிவிட்டது. ‘இரண்டில் பின்னது’ என்று சொல்கிற ‘லாட்டர்’ என்பதும் அதே வழிதான். இந்த இரண்டும் தனித்தனிச் சொற்களாக விலகிப் போன பிறகு, லேட்டர், லேட்டஸ்ட் என்று புதிதாக இரண்டை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் இன்னொருவர் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கக்கூடும். உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து முன் அட்டையைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோள் ஒன்று அங்கே அச்சாகியிருக்கும், அதில் ‘வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று வரும். நமக்குத் தெரிந்த லெட் என்றால் விடுவது, அனுமதிப்பது. அந்த அர்த்தத்தில் படித்தால் ‘அனுமதி இல்லாமல்’ என்று தலைகீழாகிவிடும். இந்த லெட் வேறு. மெதுவாக்குவது, தாமதப்படுத்துவது, தடுப்பது என்று லேட்டின் வேரிலிருந்தே வந்த பழைய சொல். டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையை உரசிக்கொண்டு சரியான கட்டத்துக்குள் விழுந்தால் ‘லெட்’ என்று சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். ஆக, பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிக்குப் பொருள்: தடங்கலோ இடையூறோ இல்லாமல் இவரைப் போக விடுங்கள்.